கொள்ளைநோய்க் காலத்தில் விஞ்ஞானப் பிரசுரம்

(பொல்பிட்டியவில் நடைபெற்ற சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நமது ஆண்டுக் கூட்டத்தில் சமயமும் இலக்கியமும் பேசுவதே வழமை. சர்வகலாசாலையில் விஞ்ஞானம் பயிலும் மாணவன் என்ற காரணத்தால், இம்முறை விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் என்னைப் பணித்தார்கள். கொவிட் நோயின் கடுமை தணிந்து சில ஆண்டுகள் சென்றுவிட்டன. உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை 2023 மே மாதம் நீக்கிற்று. எனினும் அக்காலத்தில் நம் லயன்களிலே எழுந்த ஒரு கேள்வி இன்னும் விடை பெறாமல் நிற்கிறது. அதைப் பெரியவர்கள் பலர் இப்படிக் கேட்பார்கள்: "தம்பி, இந்த விஞ்ஞானிகள் காலையில் ஒன்று சொன்னார்கள், மாலையில் வேறொன்று சொன்னார்கள். முகக்கவசம் வேண்டாம் என்றார்கள், பிறகு வேண்டும் என்றார்கள். இது மருந்து என்றார்கள், பிறகு மருந்தல்ல என்றார்கள். நிலையில்லாத வாக்கை நாங்கள் எப்படி நம்புவது?"

இக்கேள்வியைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. நான் அப்படி ஒதுக்கேன். முகக்கவசம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை 2020 ஜூன் 5 ஆந் தேதி மாறியது உண்மை. மருந்துகள் வந்து போனதும் உண்மை. சொன்ன சொல்லை மாற்றுபவனிடம் கடன் கொடுக்க நாம் தயங்குகிறோம். உயிரை ஒப்படைக்கத் தயங்குவதில் என்ன தவறு? ஆகவே அந்தச் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படிப் பிரசுரமாயின, எப்படி வாபஸ் பெறப்பட்டன என்பதை முதலிற் பார்க்க வேண்டும்.

விஞ்ஞானி ஒருவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தால் அதைக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்புகிறார். சஞ்சிகை ஆசிரியர் அதே துறையில் வல்ல இருவர் மூவரிடம் அதைக் கொடுத்துக் குற்றம் குறை பார்க்கச் சொல்கிறார். அவர்கள் ஆட்சேபம் எழுப்புவார்கள், எழுதியவர் பதில் சொல்ல வேண்டும், திருத்தவும் வேண்டும். மாதக்கணக்கில் இது நடக்கும். தமிழருக்கு இது புதிதன்று. நூல் எழுதியவன் அதைப் புலவர் சபையில் அரங்கேற்றி, வினாக்களுக்கு விடை கூறி, அதன் பின்னரே ஏற்பைப் பெற்றான். தருமிக்கு இறைவனே பாட்டெழுதிக் கொடுத்தும், நக்கீரர் அதிற் பொருட்குற்றம் கண்டு தடுத்தார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். எழுதியவர் யார் என்று பாராமல் எழுதியது என்ன என்று பார்ப்பதே பரிசீலகரின் கடமை. நக்கீரருக்குப் பின்னர் நேர்ந்ததை நாம் அறிவோம். அதனாற்றானோ என்னவோ, இக்காலச் சஞ்சிகைகள் பெரும்பாலும் பரிசீலகரின் பெயரை வெளியிடுவதில்லை!

விஞ்ஞானச் சஞ்சிகையும் கொள்ளைநோயும் ஒரே ஆண்டிற் சந்தித்த கதை ஒன்றுண்டு. இலண்டன் ரோயல் சொசைட்டியின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பேர்க் என்பவர் 1665 மார்ச்சில் "தத்துவப் பரிமாற்றங்கள்" என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். இன்றும் வெளிவரும் விஞ்ஞானச் சஞ்சிகைகளில் மிகப் பழையது அதுவே. தொடங்கிய சில மாதங்களில் இலண்டனைப் பெரும் பிளேக் பிடித்தது. செல்வர்களும் சங்கத்தாரும் ஊரைவிட்டு ஓடினார்கள், ஓல்டன்பேர்க் ஓடவில்லை. இலண்டனில் அச்சு வேலை நின்றுவிடவே, சஞ்சிகையின் சில இதழ்களை ஒக்ஸ்போட் நகரில் அச்சிட்டார்கள். மனிதர் மடிந்துகொண்டிருக்கையிலும் செய்தியை எழுத்தில் வைத்து, அதைப் பிறர் கையிற் சேர்ப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

நம் மலைநாட்டுப் பிள்ளை ஒருவரின் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. பேராசிரியர் மலிக் பீரிஸ் 1949 இல் கண்டியிற் பிறந்தவர். பாதிரிமார் நிறுவிய கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் பேராதனையிலும் கற்று ஹொங்கொங் சர்வகலாசாலைக்குச் சென்றார். மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 2003 இல் சார்ஸ் என்னும் கொடிய சுவாச நோய் பரவியபோது, அது எக்கிருமியால் வருகிறது என்று உலகமே திகைத்தது. மார்ச் நடுப்பகுதியில் ஒன்பது நாடுகளின் பதினொரு ஆய்வுகூடங்களை உலக சுகாதார நிறுவனம் ஒன்றாகப் பிணைத்தது. போட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு, அன்றன்று கண்டதை அன்றன்றே பரிமாறிக்கொள்வது என்று ஏற்பாடு. பீரிஸ் குழுவினர் கொரோனா வகை வைரசைக் கண்டு, 50 நோயாளிகளைப் பற்றிய தம் கட்டுரையை ஏப்ரல் மாதம் "லான்செட்" சஞ்சிகையில் வெளியிட்டார்கள். சில வாரங்களில் முடிந்த வேலை அது. விரைவும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையென்று நினைப்பது சரியல்ல என்பதற்கு நம்மூர்க்காரரே சாட்சி.

இனி 2020 ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜனவரி 11 ஆந் தேதி, ஷங்காயைச் சேர்ந்த சாங் யொங்ஜென் குழுவினர் புதிய வைரசின் மரபணு வரிசையை, சிட்னியிலிருந்த எட்வர்ட் ஹோம்ஸ் என்பவர் மூலம் உலகுக்கு வெளியிட்டார்கள். சஞ்சிகைக்காகக் காத்திருக்கவில்லை, அவர்களது கட்டுரை "நேச்சர்" சஞ்சிகையில் வந்தது பெப்ரவரி 3 ஆந் தேதி. அந்த மூன்று வாரங்களுக்குள் தடுப்பூசி வேலை தொடங்கிவிட்டது. மார்ச் 16 ஆந் தேதி முதல் மனிதருக்குச் சோதனை ஊசி போடப்பட்டது. அந்த வரிசையை அவர்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் எத்தனை உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்பதைக் கணக்கிட என்னால் இயலாது.

அவ்வாண்டு ஜனவரிக் கடைசியிற் பெரிய சஞ்சிகைகள் பலவும், இந்நோய் பற்றிய கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று அறிவித்தன. அந்த ஓராண்டில் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் குவிந்தன. இத்தனையையும் பரிசீலிக்க அறிஞர் எங்கே கிடைப்பார்கள்? ஆதலால் "முன்பதிப்பு" என்னும் முறை பெரும் செல்வாக்குப் பெற்றது. அரங்கேற்றத்துக்கு முன்னரே ஏட்டைப் பொதுவில் விரித்து வைப்பது போன்றது அது. பரிசீலகர் பார்க்காத கட்டுரையை, "இது இன்னும் பரிசீலிக்கப்படவில்லை" என்ற குறிப்புடன் இணையத்தில் வைத்துவிடுகிறார்கள். பௌதிகவியலில் 1991 முதலே இவ்வழக்கம் இருந்தது. மருத்துவத்துக்கென்று ஒரு தனிக் களஞ்சியம் ஏற்பட்டது 2019 ஜூன் மாதத்திற்றான். ஆறு மாதத்தில் கொள்ளைநோய் வந்துவிட்டது. நடைபழகும் குழந்தையின் தலையில் கொழுந்துக் கூடையை ஏற்றியது போல ஆயிற்று.

முதல் இடறல் டில்லியில் நேர்ந்தது. 2020 ஜனவரி 31 ஆந் தேதி டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும் டில்லி சர்வகலாசாலைக் கல்லூரி ஒன்றையும் சேர்ந்த ஆய்வாளர் சிலர், ஒரு முன்பதிப்பு வெளியிட்டார்கள். புதிய வைரசின் மேற்புரதத்தில் நான்கு சிறு துண்டுகள் எய்ட்ஸ் வைரசின் துண்டுகளை ஒத்திருக்கின்றன, இது தற்செயலாக இராது என்பது அதன் சாரம். இதை யாரோ செய்து விட்டிருக்கிறார்கள் என்ற வதந்தி உலகெங்கும் பற்றிக்கொண்டது. ஆனால் கட்டுரை கிடந்த அதே இடத்தில் பல நாட்டு அறிஞர்கள் மணிக்கணக்கில் ஆட்சேபங்களை எழுதினார்கள். அத்துண்டுகள் மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய துண்டைத் தேடினால் எத்தனையோ உயிர்களிற் கிடைக்கும் என்று காட்டினார்கள். "அம்மா" என்ற சொல் இரண்டு நூல்களில் இருப்பதைக் கண்டு, ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதினான் என்று குற்றஞ்சாட்டலாமா? பெப்ரவரி 2 ஆந் தேதி ஆசிரியர்களே கட்டுரையை வாபஸ் பெற்றார்கள். இரண்டே நாள்! வதந்தி மட்டும் வாபஸ் ஆகவில்லை. எழுதியவர் பெயரும் விலாசமும் இல்லாதது எதையும் எவரும் திருப்பி அழைக்க முடியாதன்றோ?

இது பரிசீலனை இல்லாததால் வந்த வினை என்பீர்கள். பரிசீலனை நடந்த இடத்துக்கே போவோம்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற பெயரை நீங்கள் அக்காலத்திற் கேட்டிருப்பீர்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு முன்னர் கொடுத்த குளோரோகுயினுக்குத் தம்பி முறையானது. கொவிட் நோய்க்கு இது கைகண்ட மருந்தென்று அமெரிக்க ஜனாதிபதி முதல் பலரும் பேசினார்கள். 2020 மே 22 ஆந் தேதி, மேற்சொன்ன லான்செட் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்கள், 671 ஆஸ்பத்திரிகள், 96,032 நோயாளிகள். இம்மருந்து கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று அது சொல்லிற்று. மூன்று நாட்களில் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்துப் பரிசோதனையை நிறுத்திவைத்தது. தொண்ணூற்றாறாயிரம் என்றதும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். ஆயினும் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். அவுஸ்திரேலியாவில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாகக் கட்டுரை கூறிற்று. ஆனால் அத்தேதி வரை அந்த நாடு முழுவதிலுமே இறந்தவர்கள் 67 பேர்!

தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும்போது, மலை முழுவதும் பறித்ததைவிட ஒரு நிரையிற் பறித்தது கூடுதலாக இருந்தால் கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா? அப்படித்தான் பிடிபட்டது. பாங்கொக்கிலே வேலைபார்த்த ஜேம்ஸ் வாட்சன் என்ற ஆய்வாளர் முன்னின்று எழுதிய பகிரங்கக் கடிதத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, மூலக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். கணக்கு இருந்ததோ சிக்காகோவைச் சேர்ந்த சேர்ஜிஸ்பியர் என்னும் சிறு கம்பனியிடம். கட்டுரை ஆசிரியர் நால்வரில் ஒருவர் அக்கம்பனியின் தலைவர். மற்ற மூவரும் கேட்டும் கம்பனி கணக்கைக் காட்டவில்லை. ஜூன் 4 ஆந் தேதி அம்மூவரும் கட்டுரையை வாபஸ் பெற்றார்கள். அதே கம்பனியின் கணக்கைக் கொண்டு "நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை"யில் வந்த இன்னொரு கட்டுரையும் அன்றே வாபஸ் ஆயிற்று.

இரண்டும் உலகின் முதல்தரச் சஞ்சிகைகள். பரிசீலகர்கள் எழுத்தைப் பார்த்தார்கள், கணக்கேட்டைப் பார்க்கவில்லை. சஞ்சிகையின் பெரும்பெயர் ஒரு திரையாக நின்றுவிட்டது. என் அபிப்பிராயத்தில், டில்லி ஆய்வாளரின் அவசரத்தைவிட இது பெரிய குற்றம். அவர்கள் தங்கள் கையிலிருந்ததை விரித்து வைத்துத் தவறினார்கள். இங்கோ கையிலுள்ளதை மூடி வைத்துக்கொண்டு முடிவை மட்டும் சொன்னார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தோமையரின் கதை சொல்வார்கள். காயத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்றவர் அவர். பாடத்தில் அவரைச் சற்றுக் குறைவாகத்தான் பேசுவார்கள். ஆனால் மருந்து விஷயத்தில் ஒவ்வொரு சஞ்சிகை அலுவலகத்திலும் ஒரு தோமையர் உட்கார்ந்திருப்பது நல்லது.

இவ்விடத்தில் ஒரு சிறு சிக்கல் உண்டு. அம்மருந்தைப் பற்றிய உண்மையான பரிசோதனை முடிவு அடுத்த நாளே, ஜூன் 5 ஆந் தேதி வந்தது. "ரிக்கவரி" என்னும் பெயரில் இங்கிலாந்தில் நடந்த பரிசோதனை அது. நாலாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்து கொடுத்து, மற்றதற்கு வழமையான சிகிச்சை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் நன்மையில்லை என்று தெரிந்தது. அப்படியானால் லான்செட் கட்டுரையும் ஏறக்குறைய சரிதானே என்று வாதிப்பார் உண்டு. பொய்ச்சாட்சி சொன்னவன் தற்செயலாகக் குற்றவாளியையே காட்டிவிட்டாலும், அச்சாட்சியை எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார்.

அதே ரிக்கவரி பரிசோதனை ஜூன் 16 ஆந் தேதி வேறொரு செய்தியை வெளியிட்டது. டெக்சாமெதசோன் என்னும் பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசப் பொறியில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ பயனில்லை. அறிக்கை வந்த ஆறாம் நாள் முன்பதிப்பு வந்தது, ஜூலை 17 ஆந் தேதி சஞ்சிகைப் பிரசுரம் வந்தது. இங்கே முதலிற் சொன்ன சொல் கடைசிவரை நின்றது. இம்மருந்தால் உலகெங்கும் பத்து இலட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று 2021 மார்ச்சில் இங்கிலாந்தின் சுகாதார சேவை மதிப்பிட்டது. நம் டிஸ்பென்சரிகளுக்கும் எட்டக்கூடிய விலையிலுள்ள மருந்து என்பதையும் கவனியுங்கள்.

வாலிப நண்பர்களே, அடுத்த கதை உங்களுக்கென்றே சொல்வது. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கொவிட் மரணத்தை நூற்றுக்குத் தொண்ணூறு குறைக்கிறதென்று, எகிப்தின் பென்ஹா சர்வகலாசாலையைச் சேர்ந்த சிலர் 2020 நவம்பரில் ஒரு முன்பதிப்பு வெளியிட்டார்கள். அது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அம்மருந்தின் புகழ் ஓங்கிய காலத்தில், 2021 மே மாதம், இந்தியாவின் கோவா மாநிலம் வயதுவந்தோர் அனைவருக்கும் அதைக் கொடுக்கப் போவதாக அறிவித்தது. பரிசோதனைகளுக்கு வெளியே இதைக் கொடுக்கலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை என்று, அதன் பிரதம விஞ்ஞானியாக அப்போது இருந்த சென்னைப் பெண்மணி டாக்டர் சௌமியா சுவாமிநாதன் நினைவூட்டினார்.

அந்த எகிப்தியக் கட்டுரையின் குறையைக் கண்டவர் பேராசிரியர் அல்லர். ஜாக் லோரன்ஸ் என்னும் இலண்டன் மருத்துவ மாணவர். வகுப்பில் கொடுத்த ஒப்படைக்காக அதைப் படிக்கத் தொடங்கினார். முன்னுரை பிறர் எழுத்தைப் பார்த்து எழுதியது போலிருந்தது. சந்தேகம் பிறந்து, இணையத்தில் வைக்கப்பட்டிருந்த மூலக் கணக்கைத் தேடினார். அதற்கோ கடவுச்சொல் போட்டிருந்தார்கள். 1234 என்று அழுத்திப் பார்த்தார், திறந்துகொண்டது! உள்ளே, பரிசோதனை தொடங்கிய தேதிக்கு முன்னரே இறந்துபோனவர்கள் பரிசோதனையில் இறந்தவர்களாக எழுதப்பட்டிருந்தார்கள். ஒரே விவரம் பல நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. 2021 ஜூலை நடுப்பகுதியில் அக்களஞ்சியம் கட்டுரையை நீக்கிற்று. எட்டு மாதம் எத்தனையோ பெரியவர்கள் மேற்கோள் காட்டிய ஒன்றை, ஒப்படை எழுதும் பையன் ஒருவன் உட்கார்ந்து முழுவதும் படித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

இனி நம் வாசலுக்கு வருவோம். இவ்வூரிலிருந்து ஆற்றோடு கீழே இறங்கினால் கித்துல்கல. அது கேகாலை மாவட்டம். அதே மாவட்டத்தின் ஹெட்டிமுல்ல என்னும் இடத்தில், 2020 டிசம்பர் 8 ஆந் தேதி ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றதைப் பத்திரிகைகளிற் பார்த்தோம். தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி காய்ச்சினார். காளியம்மை அருளிய மருந்து என்றார். சுகாதார அமைச்சராயிருந்த பவித்ரா வன்னியாரச்சி அவர்களே அதைப் பகிரங்கமாக அருந்தினார். கூட்டம் கூடக் கூடாது என்ற காலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு சனங்கள் நின்றார்கள். அடுத்த மாதம் அமைச்சருக்கே தொற்று உறுதியாயிற்று.

நாமும் அம்மனை வழிபடுகிறவர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு வேப்பிலை கட்டுகிறவர்கள். தேனையோ சாதிக்காயையோ நான் பழிக்கவில்லை. சுதேச வைத்தியத்தையும் பழிக்கவில்லை. நாட்டு மருந்தும் சோதனைக்கு நின்று வென்றிருக்கிறது. சீன நாட்டு மாசிபத்திரி இனச் செடியிலிருந்து மலேரியா மருந்து எடுத்த து யூயூ அம்மையாருக்கு 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் கேட்பது ஒன்றே. அந்தப் பாணியை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர் எத்தனை பேர், யார் குணமானார், யார் ஆகவில்லை என்ற கணக்கு, கூட்டம் கூடிய அன்று எந்தச் சஞ்சிகையில் இருந்தது? முன்பதிப்பாகவேனும் எங்கே இருந்தது? இல்லாத கட்டுரையில் எந்த நக்கீரர் குற்றம் காண்பது? எந்த மாணவன் 1234 என்று அழுத்துவது?

இதைவிடக் கனமான விஷயம் ஒன்றிருக்கிறது. சொல்வதா விடுவதா என்று யோசித்தே சொல்கிறேன். 2020 ஏப்ரல் 11 ஆந் தேதிய வர்த்தமானி அறிவித்தலின்படி, இந்நோயால் இறந்தவர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று நம் நாட்டிற் சட்டமாயிற்று. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரிற் கலக்கும் என்ற அச்சம் காரணமாகக் கூறப்பட்டது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. முஸ்லிம் சகோதரருக்கு எரித்தல் மார்க்க விரோதம். பிறந்து 20 நாட்களான குழந்தை ஒன்றின் உடலும் அந்த டிசம்பரிற் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற் கம்பிகளிற் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

இந்துக்களாகிய நமக்கு இதில் என்ன என்று எண்ணவேண்டாம். தோட்டங்களில் நம்மவர் பலரும் புதைக்கிறவர்களே. தேயிலை மலையின் ஓரத்தில் நம் பாட்டன் பாட்டி உறங்குகிறார்கள். அச்சட்டம் நம்மையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. சமுதாய வைத்தியர் கல்லூரியும் இலங்கை வைத்தியச் சங்கமும் அவ்வாண்டு முடிவிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் புதைப்பதால் ஆபத்தில்லை என்று அறிக்கை விட்டன. இது நீரால் பரவும் நோயன்று என்று மலிக் பீரிஸ் அவர்களும் சொன்னார். 2021 பெப்ரவரி இறுதியில் சட்டம் மாற்றப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அரசாங்கத்தின் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. லான்செட்டின் பிழை பதின்மூன்று நாளில் திருத்தப்பட்டது. நம்முடைய பிழையைத் திருத்த பத்து மாதத்துக்கு மேலாயிற்று. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இதோ என்று கட்டுரை ஒன்றைப் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர் படித்து மறுக்கும்படி வைத்திருந்தால், அத்தனை மாதம் சென்றிருக்குமா?

ஆகவே நம் பெரியவர்களுக்கு என் விடை இது: விஞ்ஞானிகள் சொல்லை மாற்றினார்கள் என்பது மெய். ஆனால் அவர்கள் மாற்றியதை நாம் அறிந்தது, முதலிற் சொன்னதைத் தேதியோடும் பெயரோடும் எழுதி வைத்திருந்ததால். பாணி காய்ச்சியவரின் சொல் இன்றுவரை மாறவில்லை என்று ஒருவர் வாதிக்கலாம். மாறுவதற்கு அதில் எழுத்து ஏது?

குறையும் நம்மிடம் உண்டு. இத்தனை கட்டுரைகளும் ஆங்கிலத்தில் வந்தன. அவை பிரட்டுக்களத்துக்கு வந்து சேரும்போது தலையும் வாலும் போய், "அந்த மருந்து நல்லதாம்" என்ற மூன்று சொல்லாகச் சுருங்கின. நம் நாட்டு ஸ்ரீ ஜயவர்தனபுர சர்வகலாசாலையில் பேராசிரியை நீலிகா மலவிகே குழுவினர், நம்மவருக்குப் போட்ட சைனோபாம் ஊசி எவ்வளவு பலன் தருகிறதென்று ஆராய்ந்து, 2021 இல் முன்பதிப்பாக வெளியிட்டார்கள். ஊசி போடப் பயந்து நின்ற லயன்களில் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட ஆளிருந்திருந்தால் பயன் விளைந்திருக்கும். அன்றியும் கொவிட் கட்டுரைகளைச் சும்மா படிக்கக் கொடுத்த சஞ்சிகைகள், மற்ற நோய்களுக்கு அத்தாராளத்தைக் காட்டுவதில்லை. 2017 இல் நம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு பற்றிய கட்டுரைகளிற் சிலவற்றைத் திறந்து பார்க்க, ஒரு கொழுந்துக்காரியின் பல நாட் சம்பளத்தைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். கொள்ளைநோய் என்பது பணக்கார நாட்டுக்கும் வருவது; மற்றதெல்லாம் வெறும் நோய் போலும்!

செயற்குழுவின் அனுமதியோடு நமது வாசிகசாலையில் ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறேன். மருந்து, ஊசி, காய்ச்சல் பற்றி யார் என்ன சொன்னாலும், பத்திரிகையில் வந்தாலும், கைபேசியில் வந்தாலும், அதைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்திற் சில கட்டங்கள் கோடிட்டிருக்கின்றன: சொன்னவர் யார், எந்தச் சஞ்சிகை, எந்தத் தேதி, பரிசீலித்ததா, முன்பதிப்பா, வாய்ச்சொல்லா, எத்தனை பேரிற் பார்த்தார்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். விடுமுறையில் வரும்போது நானும், உயர்தர வகுப்பு மாணவர்கள் மற்ற நாட்களிலும் தேடி நிரப்புவோம். கடைசிக் கட்டம், பின்னர் திருத்தப்பட்டதா, வாபஸ் பெறப்பட்டதா என்பது. அதை மற்றவற்றைவிட அகலமாகவே கோடிட்டிருக்கிறேன். இன்று சொன்ன டில்லி, இலண்டன், எகிப்து, கேகாலை நான்கையும் முதற் பக்கத்தில் எழுதியாயிற்று. கேகாலைக்கு நேரே மூன்று கட்டங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.